வெறும் பெட்டி அனுப்பக் கூடாது

சொர்ணத்துக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். பெட்டிக்குள் மீனை அப்படியே கொட்டி, மேலே நாலு கை ஐஸை வாரிப் போட்டு மூடுகிறவர்களைப் பார்த்தாலே போதும். "குப்பையாடி அள்ளுறீங்க? எடுங்கடி கைய!" என்று புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவாள். பிறகு அவளே கால் மடக்கி உட்கார்ந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டு, அடியில் ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன் என்று அடுக்குவாள். ஒரு மீன் இன்னொன்றை நசுக்கக் கூடாது. எந்த மீனும் பெட்டியின் சுவரைத் தொடக் கூடாது. மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, மூடியை வைத்து, இடைவெளி தெரியாமல் டேப்பைச் சுற்றிவிட்டால், பெங்களூரில் திறக்கும்போதும் மீனின் கண் தெளிவாக இருக்கும். வியாபாரி ஆதிமூலம் அவள் வாயைப் பொறுத்துக்கொண்டு இத்தனை வருஷமாக வேலைக்கு வைத்திருப்பது அதற்காகத்தான்.

கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வருகிறவர்கள் சில பேர், "அந்தக் காலத்துல ஓலைக் கூடையில எவ்வளவு அழகா எடுத்துட்டுப் போவாங்க இல்ல?" என்று ஏக்கமாகக் கேட்பார்கள். பாவம், யாரிடம் கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

"அழகா? நீ தூக்கிப் பாத்தியா?" என்பாள் சொர்ணம். "பனையோலைக் கூடையில மீன வெச்சி எங்கம்மா தலையில தூக்கிக்கினு போவும். மீன் தண்ணி பொடதியில எறங்கி, முதுகுல எறங்கி, இடுப்பு வரைக்கும் எறங்கும். எத்தினி சீயக்கா போட்டாலும் தலைமுடி நாறும். பஸ்ஸுல ஏத்த மாட்டான். அழகாம் அழகு!"

ஓலைக் கூடைக்குப் பிறகு மூங்கில் கூடை. மூங்கில் செதில் அவள் உள்ளங்கையில் ஏறாத இடம் இல்லை. அதற்கப்புறம் எங்கிருந்தோ தேயிலை ஏற்றிவந்த ஒட்டுப்பலகைப் பெட்டிகள், ஓரத்தில் தகரம் அடித்தவை, காலியானதும் மீன்காரர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. உள்ளே பாய் விரித்து, ஐஸ் உருகாமல் இருக்க மரத்தூளைத் திணித்து, ஆணி அடித்து அனுப்புவார்கள். அந்தத் தகரம் கிழித்த தழும்பு சொர்ணத்தின் இடது கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. அப்புறம் அலுமினிய அன்னக்கூடை வந்தது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் கிரேட் வந்தது, கடைசியாகத்தான் இந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. தூக்கினால் கனம் தெரியாது, குத்தாது, கிழிக்காது, ஒழுகாது. "இது வந்த அன்னிக்குத்தான் எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது" என்பாள். உடைந்த துண்டுகள் உப்பாற்றில் மிதந்து போவதைப் பார்த்தால் மட்டும் அதையும் நாலு திட்டு திட்டுவாள். திட்டாமல் விட்டால் அவள் சொர்ணம் இல்லை.

இத்தனை பேச்சுப் பேசுகிறவளுக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. வம்பாகீரப்பாளையத்தில் ஒரு அறையும் ஒரு அடுப்படியுமாக ஒரு வீடு. சுவரில் புருஷன் தெய்வநாயகத்தின் படம். வேலை முடிந்து உள்ளே வந்ததும் முதல் வேலையாக டிவியைப் போடுவாள். எந்த நாடகம் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. மனுஷக் குரல் ஒன்று காதில் விழுந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆளுக்குச் சமைக்க அவளுக்கு இன்னும் கை பழகவில்லை. குழம்பு எப்போதும் மிஞ்சும், மறுநாளும் அதையே தின்பாள்.

அவளுக்கு ஒரே பெண், சங்கவி. கெட்டிக்காரி. கல்லூரி முடித்துத் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலைக்குப் போனாள். அம்மாவும் பெட்டி, பெண்ணும் பெட்டி என்று தெருவே கேலி செய்தது. சொர்ணம் விடுவாளா? "உன் அட்டப்பொட்டி ஒரு சொம்புத் தண்ணிக்குத் தாங்குமாடி? நனைஞ்சா பாயாசமாப் பூடும்" என்பாள். "அதுக்குத்தாம்மா பொட்டி மேல கொடை படம் போடுறோம், நனைய விடாதன்னு அர்த்தம்" என்று சங்கவி சிரிப்பாள். ஒருநாள் தாயை உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினாள். குடை போட்டிருந்தால் மழையில் வைக்காதே. மேல்நோக்கி அம்பு போட்டிருந்தால் தலைகீழாகக் கவிழ்க்காதே. காலுள்ள கண்ணாடிக் கிளாஸ் போட்டிருந்தால் உடையும், மெதுவாகத் தூக்கு. எந்த ஊருக்குப் போனாலும், எந்தப் பாஷைக்காரன் தூக்கினாலும் புரியும் என்றாள். மறுநாள் சொர்ணம் ஆதிமூலத்தின் மீன் பெட்டிகள் எல்லாவற்றிலும் கிளாஸ் படம் வரைந்து வைத்துவிட்டாள். "மீன் உடையுமா யக்கா?" என்று துறைமுகம் முழுக்கச் சிரிப்பு. அவளுக்கென்ன, மகள் சொல்லிக்கொடுத்தது.

அதே கம்பெனியில் வேலை பார்த்த ஒருவனைச் சங்கவி கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. பதிவு அலுவலகத்தில் முடித்துவிட்டுத்தான் சொன்னாள். தெய்வநாயகம் கத்தவில்லை, அடிக்கவில்லை. அன்றோடு அவள் பெயரை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். இருவரும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். அப்போதும் அம்மாவும் மகளும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், அவர் கடலுக்குப் போன நேரமாகப் பார்த்து.

அப்புறம் தெய்வநாயகம் மாரடைப்பில் போனார். தகவல் கேட்டுச் சங்கவி ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்தாள். தெருமுனையிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது தெய்வநாயகத்தின் தம்பி பக்கிரி. "உயிரோட இருந்தப்பவே மூஞ்சியப் பாக்காதவரு. செத்தப்பறம் எதுக்கு? போம்மா" என்றான். சங்கவி அங்கேயே நின்று, "யம்மா! யம்மா!" என்று கூப்பிட்ட சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சொர்ணத்துக்கும் கேட்டது. துறைமுகத்தையே அதட்டுகிற அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. "என் பொண்ண உள்ள உடுங்கடா" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியாது. அப்பன் முகத்தைப் பார்க்காமல் சங்கவி திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு சொர்ணம் எத்தனை முறை போன் போட்டாலும் மணி அடிக்காமலே கட்டானது.

காரியம் முடிந்த கையோடு சொர்ணம் தட்டாஞ்சாவடிக்குப் போனாள். சங்கவியோடு வேலை பார்த்த கார்குழலி என்ற பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடி பெங்களூர் விலாசத்தை வாங்கினாள். ஏதோ ஒரு அடுக்குமாடிக் கட்டடம். ஆதிமூலத்தின் மீன் வேன் போகிற வழியில்தான் இருந்தது. வேன் ஓட்டுகிற பாலாஜி அவள் தெருப் பையன்தான், அத்தை என்று கூப்பிடுவான்.

"பொட்டிய கேட்டுல வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு வந்துடு. நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றாள் அவனிடம்.

பெங்களூரில் வஞ்சிரம் கிடைக்கும், கொடுவா கிடைக்கும். காரப்பொடி கிடைக்குமா? விரல் நீளமுள்ள அந்த வெள்ளிப் பொடிமீனை யார் ஐஸ் போட்டு அவ்வளவு தூரம் அனுப்புவார்கள்? சங்கவிக்கோ அதுதான் உயிர். சின்ன தெர்மாகோல் பெட்டி ஒன்றை எடுத்து, ஐஸைப் பொடியாகத் தட்டி, பெரிய மீனுக்குப் பார்க்காத பக்குவமெல்லாம் பார்த்து அடுக்கினாள். மூடிமேல் மார்க்கரால் சங்கவி என்று எழுதினாள். பக்கத்தில் அம்பு வரைந்தாள். அப்புறம் காலுள்ள அந்தக் கிளாஸையும் வரைந்தாள்.

அடுத்த வாரம் பாலாஜி காலிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கும்போதே லேசாகக் கனத்தது. திறந்து பார்த்தால், நன்றாகக் கழுவித் துடைத்த பெட்டிக்குள் இரண்டு சௌசௌக் காய்!

சொர்ணம் அழுதுவிட்டாள். துறைமுகத்தில், ஏலச் சத்தத்துக்கு நடுவில், சௌசௌவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு வீட்டிலிருந்து குழம்போ பலகாரமோ வந்தால் அந்தப் பாத்திரத்தை யாராவது வெறுமனே திருப்பிக் கொடுப்பார்களா? ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுப்போம்? சின்ன வயதில் சங்கவி அடுத்த வீட்டுக் கிண்ணத்தைக் காலியாகத் தூக்கிக்கொண்டு ஓடியபோதெல்லாம் காதைத் திருகிப் பழக்கியவள் சொர்ணம்தான். "எம்மேல கோவம் இருக்குது அவளுக்கு. ஆனா வெறும் பொட்டி அனுப்ப மாட்டா. நான் வளத்த பொண்ணு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அன்றிலிருந்து வாரம் ஒரு பெட்டி போனது, ஒரு பெட்டி வந்தது. கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் மட்டும் கருவாட்டை ஓலையில் சிப்பம் கட்டி அனுப்புவாள். திரும்பி வரும் பெட்டியில் பீன்ஸ் வரும், கேழ்வரகு மாவு வரும், ஒரு முறை அவரைக்காய். வந்ததை அன்றைக்கே சமைத்து, டிவியை அணைத்துவிட்டு, மகளோடு உட்கார்ந்து தின்கிற மாதிரி நிதானமாகத் தின்பாள். பொங்கல் சமயத்தில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் எள். எள்ளோடு வெல்லமும் தேங்காய்த் துண்டும் கலந்திருந்தது. எள்ளை யாருக்கு வைப்பார்கள்? செத்தவர்களுக்குத்தானே! பார்க்க விடாமல் விரட்டப்பட்ட பெண், அப்பனுக்கு எள் அனுப்பியிருக்கிறாள்! சொர்ணம் அந்த எள்ளைத் தெய்வநாயகத்தின் படத்துக்கு முன்னால் வைத்து, "உன் பொண்ணு அனுப்பியிருக்கா. வாங்கிக்க. இப்பவாச்சும் வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் கடலில் கொண்டுபோய் விட்டாள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அடுத்த தை கடைசியில் வந்த பெட்டியைத் திறந்தபோது உள்ளே காயும் இல்லை, மாவும் இல்லை. வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல்.

பக்கத்தில் மீன் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்திதான் முதலில் சொன்னாள்: "யக்கா, இது வளகாப்பு வளையலாச்சே!"

அவ்வளவுதான். சொர்ணத்தின் கால் தரையில் பாவவில்லை. சங்கவி முழுகாமல் இருக்கிறாள்! வளைகாப்பு முடிந்துவிட்டது! அம்மா இல்லாமல் யார் கையால் வளையல் போட்டுக்கொண்டாளோ! தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும், அதைக் கேட்க வாய் வராமல் வளையலை அனுப்பிக் கூப்பிடுகிறாள். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

இந்த முறை வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை என்று முடிவு செய்தாள். வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நேரே பக்கிரி வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். தெருவே கேட்கும்படி நின்றாள்.

"பக்கிரி, நல்லாக் கேட்டுக்க. எம்பொண்ணு வாயும் வயிறுமா இருக்கா. போயி கூட்டியாரப் போறேன். எவனாச்சும் தெருமுனையில வந்து நின்னீங்க, மீன் கழுவின தண்ணிய மூஞ்சியில ஊத்துவேன். அன்னிக்கு வாயில மண்ண வெச்சிக்கினு உக்காந்திருந்தேன். இன்னொரு வாட்டி உக்கார மாட்டேன்!"

பக்கிரி தலையைத் தூக்கவில்லை. "கூட்டியா அண்ணி. யாரு வேணாம்னா" என்றான், வலையைப் பார்த்தபடியே. இவ்வளவு சுலபமா! அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கும் இதேதானே நடந்திருக்கும்? அந்த நினைப்பு அவளைக் குத்திய குத்தில் வீடு வந்து சேரும்வரை நெஞ்சை அமுக்கிக்கொண்டே நடந்தாள்.

அறையில் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டாள். சுவருக்கு வெள்ளை அடித்தாள். கட்டிலுக்குப் புது மெத்தை. மாம்பழ நிறத்தில் ஒரு புடவை. கிளம்புகிற அன்றைக்குப் புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று கிளறி, தனித்தனி எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு, டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடுவில் பழைய துணியைத் திணித்து, பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்றில் அடைத்தாள். ஐஸ் போடாமல் அவள் கட்டிய முதல் பெட்டி அதுதான். ஓரத்தில் காரப்பொடிக் குழம்பு, மாங்காய் போட்டு. மூடிமேல் சங்கவி என்று எழுதி, அம்பும் கிளாஸும் வரைந்தாள்.

பாலாஜி அவளை வேனில் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். வழி முழுக்கப் பேச்சுத்தான். பிள்ளை பெற்றவளுக்கு எந்த மீன் கொடுக்கலாம், எது கூடாது, பால் ஊறப் பால்சுறாவைப் புட்டு செய்து கொடுப்பது எப்படி, பேரனா பேத்தியா, யார் ஜாடை. கிருஷ்ணகிரி தாண்டியபோது பாலாஜி, "செத்த தூங்கு அத்த" என்றான். "நீ ரோட்டப் பாருடா. எனக்கு எதுக்குத் தூக்கம்?" என்றாள்.

வேன் போய் நின்றபோது விடிகிற நேரம், குளிர். கட்டடத்தின் கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அங்கே வாட்ச்மேனின் மனைவி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். சொர்ணத்தின் தோளில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"பாண்டி அம்மாவா? நீங்கதானா? பா அம்மா, பா, உள்ள வாங்க!" என்று ஓடி வந்தாள். பெயர் கெம்பம்மா என்றாள். கன்னடக்காரி, தமிழ் அரைகுறையாக வந்தது. "மீன் ரொம்ப சென்னாகிருத்தம்மா, ரொம்ப நல்லா இருக்கும்."

"நீங்களும் தின்னீங்களா? எம்பொண்ணு குடுத்தாளா?" என்று சொர்ணம் சிரித்தாள். "எந்த மாடி? சங்கவி எந்த மாடி?"

கெம்பம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அப்போது தகர அறைக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். நிறைமாத வயிறு. இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சைக் கண்ணாடி வளையல். "இது நம்ம பொண்ணு, ரூபா" என்றாள் கெம்பம்மா மெல்லிய குரலில். "போன வாரம் சீமந்தம் ஆச்சு. வளையல் உங்களுக்கும் அனுப்பினேன். வந்துச்சா அம்மா?"

சொர்ணம் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். பெட்டிமேலேயே உட்கார்ந்துவிடப் போனவள், உள்ளே சாதம் இருப்பது ஞாபகம் வந்து, தரையில் உட்கார்ந்தாள்.

கெம்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பயந்து பயந்து சொன்னாள். முதல் பெட்டி வந்த அன்றைக்குச் சங்கவி இறங்கி வந்தாளாம். மூடியைப் பார்த்தாளாம். அந்தக் கிளாஸ் படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாளாம், சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாளாம். திறந்து, மீனைப் பார்த்து, மறுபடி மூடிவிட்டாளாம்.

"என் கையில குடுத்துடுச்சி அம்மா. 'என்னால இது தின்ன முடியாது, நீங்க எடுத்துக்கங்க'ன்னு சொல்லிச்சு. 'நான் தின்னலன்னு தெரிஞ்சா எங்கம்மா தாங்காது, சொல்லாதீங்க. பொட்டிய மட்டும் வெறும்ன அனுப்பக் கூடாது, ஏதாச்சும் வெச்சு அனுப்புங்க'ன்னு சொல்லிச்சு. முதல்ல அதுவே ரெண்டு காய் வாங்கி வெச்சுது."

"சௌசௌ" என்றாள் சொர்ணம்.

"ஹூம், அதான். அப்புறம் கொஞ்ச மாசத்துல வீடு காலி பண்ணிட்டாங்க. ஹைதராபாத் போறோம்னாங்க. நம்பர் குடுக்கல. உங்க வண்டிக்காரன் நிக்கவே மாட்டான், பொட்டி குடுப்பான், காலி வாங்குவான், ஓடுவான். நான் வெச்சு அனுப்பிட்டே இருந்தேன். தப்பா அம்மா?"

"எள்ளு?" என்று கேட்டாள் சொர்ணம்.

"சங்கராந்திக்கு எள்ளு வெல்லம் எல்லார் வீட்டுக்கும் குடுப்போம். அது தின்னுட்டு நல்லதே பேசணும்."

சொர்ணத்துக்கு ஆத்திரம் வந்தது. ஒரு வருஷமாகத் தன் மீனைத் தின்றவள் மேல் வந்தது, வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்காத பாலாஜி மேல் வந்தது. கத்த வாயைத் திறந்தாள். எதிரே அந்த நிறைமாதப் பெண் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அவளுக்காக ஒரு டம்ளர் காபியை நீட்டிக்கொண்டு நின்றாள். சொர்ணம் வாயை மூடிக்கொண்டு காபியை வாங்கினாள். ஆத்திரம் யார்மேல் என்று அவளுக்குத் தெரியும். தெருமுனையிலிருந்து "யம்மா!" என்று கூப்பிட்ட சத்தத்துக்குப் பதில் சொல்லாதவள் மேல்தான்.

பெட்டியின் டேப்பை அவளே கிழித்தாள். டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். "உக்காரும்மா. சூடு ஆறல. தின்னு" என்று ரூபாவிடம் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குப் பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. தரையில் உட்கார்ந்து புளி சாதத்தை அள்ளி அள்ளித் தின்றாள். மாம்பழ நிறப் புடவையைச் சொர்ணம் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். சாதம் கெட்டுப் போகும், புடவை கெட்டுப் போகாது.

கிளம்பும்போது கெம்பம்மா டப்பாக்களைக் கழுவிப் பெட்டியில் போட்டு, உள்ளே எதையோ வைத்து மூடிக் கொடுத்தாள். என்னவென்று சொர்ணம் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "அத்த, எனக்குத் தெரியாது அத்த, சாமி சத்தியமா" என்று பாலாஜி நாலைந்து தரம் சொன்னான். தெருமுனையில் வேனை விட்டு இறங்கியபோது பக்கிரி அங்கேதான் நின்றிருந்தான். வழிமறிக்க அல்ல, புதுச்சட்டை போட்டுக்கொண்டு, அண்ணன் மகளை அழைக்க நின்றிருந்தான். வேனுக்குள் எட்டிப் பார்த்தான்.

"எங்க அண்ணி, பொண்ணு?"

"வரல" என்றாள் சொர்ணம். சண்டை இல்லை, சாபம் இல்லை. அந்தத் தெருவில் அவள் அவ்வளவு சன்னமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வெள்ளை அடித்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு டிவி சத்தம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பெட்டி போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. துறைமுகத்துக்கு வந்தாள், ஐஸ் தட்டினாள், அடுக்கினாள், யாரையும் திட்டவில்லை. "திட்டு யக்கா, என்னமோ மாதிரி இருக்குது" என்று பெண்கள் கெஞ்சினார்கள். வீட்டில், கெம்பம்மா கொடுத்த பெட்டி மூடியபடியே மூலையில் இருந்தது. ஒருநாள் அடுப்படியில் கறுப்பு எறும்பு சாரை பிடித்துப் போனதைப் பார்த்துத்தான் அதைத் திறந்தாள். உள்ளே ஓர் உருண்டை வெல்லம், பாதி எறும்பாக. பக்கத்தில் துணியில் முடிந்த எள். தின்றுவிட்டு நல்லதே பேச வேண்டுமாம். யாரோடு பேச? எறும்பைத் தட்டிவிட்டு ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பங்குனியில் ஒரு காலை, பாலாஜி வேனைக் கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அத்த, அந்த வாட்ச்மேன் பொண்ணுக்குக் கொழந்த பொறந்துடுச்சாம். பொம்பளப் புள்ள. தாய்க்குப் பால் ஊறலன்னு அந்தம்மா வண்டிய மறிச்சிப் பொலம்பிச்சி."

ஐஸ் தட்டிக்கொண்டிருந்த சொர்ணத்தின் கை நின்றது. எழுந்து ஏலம் நடக்கிற இடத்துக்குப் போனாள். அங்கே ஒருத்தி பால்சுறாவைக் கிரேட்டுக்குள் வளைத்துத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"குப்பையாடி அள்ளுற? எட்றி கைய!" என்று ஒரு சத்தம் வந்தது. துறைமுகம் திரும்பிப் பார்த்தது.

நல்லதாக இரண்டு பால்சுறாவைப் பொறுக்கி வாங்கினாள். சுத்தம் செய்து துண்டு போட்டாள். மூலையில் கிடந்த அதே பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்தாள். வந்த பெட்டி, வெறுமனே வீட்டில் கிடக்கலாமா? அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். யாருக்காகவோ மனசுக்குள் எடுத்து வைத்திருந்த பக்குவத்தையெல்லாம் அதில் போட்டு அடுக்கினாள். எப்படிப் புட்டு செய்ய வேண்டும் என்று பாலாஜிக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

"இந்த வாட்டி வண்டிய நிறுத்தி, அந்தம்மாகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு வரணும். ஓடியாந்த, தெரியும்."

"சரி அத்த."

மூடியை வைத்து டேப்பைச் சுற்றினாள். மார்க்கரை எடுத்தாள். அம்பு வரைந்தாள், கிளாஸ் வரைந்தாள். நடுவில், எப்போதும் எழுதுகிற இடத்தில், சங்கவி என்று எழுதினாள்.

பாலாஜி பார்த்துக்கொண்டு நின்றான். "அத்த... பேரு?"

"என்னிக்காச்சும் அந்தப் பக்கம் வருவா, இல்லன்னா எவளாச்சும் அவகிட்ட சொல்லுவா" என்றாள் சொர்ணம், பெட்டியை அவன் கையில் வைத்தபடி. "வந்தா, அம்மா அனுப்பறத நிறுத்திட்டான்னு நெனைக்கக் கூடாது. ஏத்து."